முட்டைகள் 73, குஞ்சுகள் 11

ஹபிள் தொலைநோக்கி 1995 ஏப்ரல் 1 அன்று எடுத்த அந்தப் படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பச்சையும் நீலமும் கலந்த பின்னணி, அதில் பழுப்பு நிறத்தில் எழுந்து நிற்கும் மூன்று தூண்கள். 'சிருஷ்டித் தூண்கள்' என்று பெயர். டீ-ஷர்ட்டில் வந்தது, வால்பேப்பராக வந்தது, 2000-இல் அமெரிக்கத் தபால்தலையிலும் வந்தது. பிரபஞ்சம், படைப்பு, பேரிருப்பு என்று யாராவது எழுதினால் மேலே ஒட்டுவதற்கு முதலில் கைக்கு வருவதும் இதுதான். கழுகு நெபுலா எனப்படும் எம் 16-க்குள், சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் வாயுவும் தூசும் சேர்ந்த மேகத் துண்டுகள் அவை. பெரிய தூணின் நீளம் மட்டும் 4, 5 ஒளியாண்டு.

இந்தப் படத்தை ஒரு பிரதியாக வைத்து விமர்சிக்கலாம் என்பது என் எண்ணம். விமர்சனம் என்றால் திட்டுவது என்று அர்த்தமில்லை. ஒரு படைப்பு எதைக் காட்டுவதாகச் சொல்கிறதோ அதை உண்மையிலேயே காட்டுகிறதா என்று கேட்பது, அவ்வளவுதான். நாவலுக்கும் கவிதைக்கும் கேட்கிற கேள்வியை நாசா வெளியிட்ட படத்துக்குக் கேட்கக்கூடாதா என்ன? முப்பது வருடமாக உலகமே பார்க்கிற படம் வேறு.

முதலில் அது எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பார்த்துவிடலாம். ஜெஃப் ஹெஸ்டர், பால் ஸ்கோவன் என்ற இரண்டு அரிசோனா விஞ்ஞானிகள் எடுத்தது. கந்தகம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்று தனிமங்களின் அயனிகள் வெளியிடும் ஒளியைத் தனித்தனி ஃபில்டர் வழியே பதிவு செய்து, கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று கொடுத்தார்கள். நேரில் போய்ப் பார்த்தால் இந்த நிறங்கள் தெரியாது. ஹைட்ரஜனின் அந்த ஒளி நம் கண்ணுக்குச் சிவப்பு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று அவர்கள் வெளிப்படையாகச் சொல்லித்தான் வெளியிட்டார்கள். இன்னும் ஒன்று, படத்தின் வலது மேல் மூலை படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டுக் கறுப்பாக இருக்கும். அன்று ஹபிளில் இருந்த கேமரா நான்கு சிறு கேமராக்கள் சேர்ந்தது. அதில் ஒன்று மட்டும் இன்னும் நெருங்கிப் பார்ப்பது, அதனால் அதன் படத்தைச் சுருக்கி ஒட்ட வேண்டியிருந்தது. எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த இடம் அந்த மூலை. இது ஒரு கருவி பார்த்தது, கண் பார்த்ததில்லை என்று படமே ஒத்துக்கொள்கிற ஒரே இடம். போஸ்டர் அடிக்கிறவர்கள் முதல் வேலையாக அதைத்தான் வெட்டி எறிந்தார்கள்.

இனி 'தூண்' என்ற சொல். விண்வெளியில் மேல், கீழ் என்று எதுவும் இல்லை. அவற்றை நிற்க வைத்தது நாம். அமெரிக்கக் கலை வரலாற்றாய்வாளர் எலிசபெத் கெஸ்லர் 2012-இல் வெளியிட்ட 'பிக்சரிங் த காஸ்மோஸ்' என்ற நூலில் இதைத்தான் விரிவாகப் பேசுகிறார். ஹபிள் படங்களின் கோணம், நிறம், வெளிச்சம் எல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் தாமஸ் மோரன், ஆல்பர்ட் பியர்ஸ்டாட் போன்றவர்கள் வரைந்த அமெரிக்க மேற்குப் பகுதியின் மலை, பள்ளத்தாக்கு ஓவியங்களை ஒத்திருக்கின்றன என்பது அவர் வாதம். பார்த்தவுடன் நமக்கு வரும் பிரமிப்பு, ஏற்கெனவே பழக்கப்பட்ட நிலக்காட்சியின் பிரமிப்பு.

தூண் என்றால் எதையோ தாங்க வேண்டும். இவை எதையும் தாங்கவில்லை. படச்சட்டத்துக்கு வெளியே, மேற்பக்கம், பெரிய சூடான விண்மீன்களின் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதன் புற ஊதாக் கதிர் இந்த மேகத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. பெருமழையில் மண்மேடு கரையும்போது, மேலே கல் கிடக்கிற இடத்தில் மட்டும் மண் கரையாமல் குட்டித் தூணாக நிற்கும், பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். கொஞ்சம் அடர்த்தியான முனை நிழல் கொடுக்க, அந்த நிழலில் தப்பித்தது தூணாகத் தெரிகிறது. 2015-இல் சிலி நாட்டிலிருந்து மிகப் பெரும் தொலைநோக்கியால் அளந்து பார்த்தார்கள். 10 லட்சம் ஆண்டுக்குச் சுமார் 70 சூரியன்களின் எடை கரைந்துபோகிறது, மொத்தம் இருப்பதே சுமார் 200 சூரியன்தான். இன்னும் 30 லட்சம் வருடத்தில் ஆள் காலி. படைப்பின் தூண் என்று நாம் போற்றுவது, கரைந்துகொண்டிருக்கும் ஒரு மிச்சம்.

இதுவரை சொன்னது பாணி பற்றிய விமர்சனம். என் உண்மையான வழக்கு வேறு. இந்தப் படம் ஒரு கதை சொன்னது: இங்கே விண்மீன்கள் பிறக்கின்றன என்று. தூண்களின் விளிம்பில் விரல் நுனி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன உருண்டைகளைப் பாருங்கள். சின்ன என்றால் நம் சூரியக் குடும்பத்தைவிடப் பெரியவை. இவற்றுக்கு ஆவியாகும் வாயு உருண்டைகள் என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'முட்டை' என்று வரும். கழுகு நெபுலாவில் முட்டை! எந்தக் கவிஞனாலும் தவிர்க்க முடியாத சிலேடை, விஞ்ஞானிகளாலும் முடியவில்லை. ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு இளம் விண்மீன் வளர்ந்துகொண்டிருக்கலாம். கதிரின் அரிப்பு ஓட்டை உடைத்து அதை வெளியே கொண்டுவருகிறது என்பது கதை. இதழ்கள் அந்தக் 'கலாம்' என்பதை எடுத்துவிட்டுக் கதையை மட்டும் வைத்துக்கொண்டன.

ஆனால் ஹபிளின் அந்தப் படத்தால் முட்டைக்குள் பார்க்க முடியாது. அது கண் காணும் ஒளியில் எடுத்தது. கண் காணும் ஒளி தூசில் மாட்டிக்கொள்ளும். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அந்தப் படம் சாட்சியாகவே முடியாது. கதவுக்கு வெளியே நின்றவன் வீட்டுக்குள் நடந்ததைச் சாட்சி சொன்ன மாதிரி.

2002-இல் மார்க் மெக்காக்ரியன், மோர்ட்டன் ஆண்டர்சன் என்ற இருவர், சிலியில் பரனல் மலையிலுள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கியின் அகச்சிவப்புக் கேமராவைக் கொண்டு முட்டைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். அகச்சிவப்பு தூசுக்குள் கணிசமாக ஊடுருவும். ஹபிள் படத்தில் அடையாளம் கண்ட முட்டைகள் 73. உள்ளே எதுவோ ஒளிர்வதற்கான தடயம் இருந்தவை 11. மற்ற 62? காலி. அல்லது அந்தக் கருவிக்கும் எட்டாத அளவு சிறியது எதுவோ. பெரிய தூணின் உச்சியில் சற்று எடை கூடிய இளம் விண்மீன் ஒன்று இருப்பது உண்மை. ஆனால் 'தூண் முழுக்கப் பிரசவ வார்டு' என்கிற கதைக்கு ஆதாரம் இல்லாமல் போயிற்று.

இந்த எண்ணிக்கை, 73-க்கு 11, ஏன் எந்தப் போஸ்டரிலும் வரவில்லை? அது அழகைக் குறைக்கும் என்பதாலா? எனக்கு அது அழகைக் கூட்டுவதாகவே படுகிறது. பெரும்பாலான மேகம் விண்மீனாகாது. 2009-இல் நீல் எவான்ஸ் தலைமையிலான குழு, ஸ்பிட்சர் அகச்சிவப்புத் தொலைநோக்கியைக் கொண்டு நமக்கு அருகிலிருக்கும் 5 மேகங்களில் எடுத்த கணக்கை வெளியிட்டது. 1,024 இளம் விண்மீன்கள். அந்த மேகங்களின் மொத்த எடையில் இதுவரை விண்மீனாகியிருப்பது 3-இலிருந்து 6 சதவீதம் மட்டும். மிச்சமெல்லாம் சும்மா இருக்கிறது, கலைகிறது, அடித்துச் செல்லப்படுகிறது. இதைச் சொல்லாத ஒரு படைப்புக் கதை, பாஸான பிள்ளைகளின் போட்டோவை மட்டும் வைத்து விளம்பரப் பலகை அடிக்கிற டியூஷன் சென்டர் மாதிரிதான்.

சரி, அகச்சிவப்பு வந்ததும் உண்மை தெரிந்துவிட்டது, திரை விலகிவிட்டது என்று முடித்துவிடலாமா? இந்த இடத்தில்தான் என் இரண்டாவது சண்டை. அது நம் மொழியோடு. அகச்சிவப்பு வானியலைப் பற்றித் தமிழில் வரும் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் 'தூசுத் திரையை விலக்கி' என்ற தொடர் எங்காவது வந்துவிடும். நல்ல தொடர்தான், தேய்ந்துவிட்டது என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பொருள் அளவிலேயே அது தப்பு.

தூசு எப்படி ஒளியை மறைக்கிறது? இந்த மேகங்களில் எடைக்கணக்கில் 100-க்கு 99 பங்கு வாயு, பெரும்பாலும் ஹைட்ரஜன் மூலக்கூறு. தூசு ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கு, புகைத்துகள் அளவுக்கு நுண்ணியது, மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில். கண் காணும் ஒளியின் அலைநீளம் அரை மைக்ரான். கிட்டத்தட்டத் துகளின் அளவுக்கே வந்துவிடுவதால் சிதறி, உறிஞ்சப்பட்டு, காணாமல் போகிறது. 2 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்புக்கு இந்தத் துகள் பொருட்டே இல்லை. பெரும்பகுதி கடந்து போய்விடும். பர்னார்ட் 68 என்று ஒரு குட்டி இருள் மேகம் இருக்கிறது. அரை ஒளியாண்டு அகலம், சூரியனைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை, கெல்வின் கணக்கில் 10, 15 டிகிரிதான் வெப்பம். விண்மீன் கூட்டத்துக்கு நடுவே யாரோ மை கொட்டியது போல இருக்கும். அதன் நடு வழியே பின்னாலிருக்கும் விண்மீனின் கண் காணும் ஒளி லட்சம் கோடியில் ஒரு பங்குகூட வந்து சேராது. 2.2 மைக்ரானில் பார்த்தால் இருபதில், முப்பதில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. 2001-இல் ஜுவாவ் ஆல்வஸ், சார்லஸ் லாடா, எலிசபெத் லாடா மூவரும் பின்னாலிருந்து எட்டிப்பார்க்கும் விண்மீன்கள் எவ்வளவு சிவந்திருக்கின்றன என்பதை ஒவ்வொன்றாக அளந்து, மேகத்தின் எந்த இடத்தில் எவ்வளவு தூசு என்று வரைந்துவிட்டார்கள். உள்ளே விண்மீன் எதுவும் இல்லை. இனிமேல்தான்.

கவனியுங்கள், இங்கே யாரும் எதையும் விலக்கவில்லை. தூசு போட்ட தடயத்தை வைத்துத் தூசையே படித்தார்கள்.

திரை உவமை முழுசாக உடைவது 2022 அக்டோபரில். அந்த மாதம் 19-ஆம் தேதி ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த அதே தூண்களின் படம் வந்தது. நிர்காம் என்ற அருகு அகச்சிவப்புக் கேமராவால் எடுத்தது. தூண்கள் பாதி கண்ணாடியாகிவிட்டன, எங்கும் விண்மீன்கள், ஆயிரக்கணக்கில். விளிம்புகளில் எரிமலைக் குழம்பு மாதிரி சிவப்பு அலைகள். உருவாகிக்கொண்டிருக்கும் விண்மீன்கள் பீய்ச்சும் தாரைகள் மோதி ஹைட்ரஜன் மூலக்கூறுகள் ஒளிர்கின்ற இடங்கள் அவை. சில லட்சம் வருட வயதுதான் அந்தக் குழந்தைகளுக்கு. எல்லோரும் 'திரை விலகியது' என்று எழுதினோம். ஒன்பது நாள் கழித்து, 28-ஆம் தேதி, அதே தொலைநோக்கியின் இன்னொரு கருவியான மிரி, நடு அகச்சிவப்பில் எடுத்த படம் வந்தது. பார்த்தால், விண்மீன்களைக் காணோம்! தூண்கள் கனமாக, சாம்பல் நிறத்தில், பேய் மாதிரி திரும்பி வந்து நிற்கின்றன. விளிம்பில் சில சிவப்புப் புள்ளிகள் மட்டும்.

இரண்டுமே அகச்சிவப்பு. ஒன்று 5 மைக்ரானுக்கு இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம். அந்தப் பக்கத்தில் தூசு தானே ஒளிர ஆரம்பித்துவிடுகிறது. தூசை உதறிவிட்ட சாதாரண விண்மீன்கள் அங்கே மங்கிப்போகின்றன. இன்னும் தூசைப் போர்த்தியிருக்கிற சின்னஞ்சிறுசுகள் மட்டும் சிவப்பாகத் தெரிகின்றன. அப்போது எது திரை, எது மேடை? முதல் படத்தில் திரையாக இருந்ததுதான் இரண்டாவது படத்தில் கதாநாயகன். அலைநீளத்தை மாற்றினால் யார் மறைக்கிறார்கள், யார் மறைகிறார்கள் என்பதே மாறுகிறது. இதற்குத் தமிழில் உவமை தேடினால் திரையைவிட, ஒரே வீட்டுக் கதையை மாமியார் சொல்வதும் மருமகள் சொல்வதும் என்பதுதான் பொருந்தும். இரண்டும் உண்மை. ஒன்றில் இருப்பவர் மற்றதில் இல்லை.

வெப் படங்களின் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜோசப் டிபாஸ்குவாலே, அலிஸா பேகன் போன்ற படச்செயலாக்கக் கலைஞர்கள், மிகக் குறைந்த அலைநீளத்துக்கு நீலம், அதிகமானதற்குச் சிவப்பு என்று வரிசை மாறாமல் கொடுக்கிறார்கள். பாட்டை வேறு சுருதிக்கு மாற்றிப் பாடுவது போல. ஸ்வரங்களுக்கு இடையிலான உறவு அப்படியே இருக்கும். 'எல்லாம் போட்டோஷாப் சார்' என்று கமெண்ட் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. போட்டோஷாப் இருக்கிறதா என்பதில் என்ன இருக்கிறது, அந்த நிறம் எதற்காவது பொறுப்பேற்கிறதா என்று கேளுங்கள். வெப்பின் தூண் படத்தில் ஏற்கிறது.

இன்னொரு சொற்கூட்டமும் என்னைத் தொந்தரவு செய்கிறது. விண்மீன்களின் கருவறை, தொட்டில், பிரசவம். நானே மேலே குழந்தை என்று எழுதியிருக்கிறேன். முழுக்கத் தப்பிக்க வழியில்லை. ஆனால் கருவறை என்று சொன்னதும் ஒரு தாய் வந்துவிடுகிறாள், ஒரு நோக்கம் வந்துவிடுகிறது, உயிரைக் காக்கிற ஒரு வெதுவெதுப்பு வந்துவிடுகிறது. இந்த மேகங்கள் கெல்வினில் 10 டிகிரி. மிக மோசமான குளிர். விண்மீன் பிறப்பதே அந்தக் குளிரால்தான். சூடாக இருந்தால் வாயு தன் அழுத்தத்தால் எதிர்த்து நிற்கும், ஈர்ப்பால் சுருக்க முடியாது. கருவறை என்று எழுதும்போது இந்த ஒரு தகவல் தொலைந்துபோகிறது, அதுவும் முக்கியமான தகவல்.

படமே இல்லாமலும் இந்தத் துறை நன்றாக நடந்தது என்பதை நம்ப இன்று கஷ்டம். 1967-இல் எரிக் பெக்லின், கெரி நூகெபௌர் இருவரும் மிருகன் மண்டலத்தின் வாள் பகுதியில், நம் திருவாதிரைக்குத் தெற்கே, கண் காணும் ஒளியில் அறவே தெரியாத, அகச்சிவப்பில் பிரகாசமான ஒரு பொருளை அறிவித்தார்கள். பெக்லின் அப்போது மாணவர். மவுண்ட் வில்சன் தொலைநோக்கியில் பொருத்திய உணர்கருவி கேமராவே இல்லை. ஒரு நேரத்தில் வானத்தின் ஒரு புள்ளியை மட்டும் அளக்கும். வரிவரியாக வானத்தைத் தடவிக்கொண்டே போக, ஓரிடத்தில் அளவு திடீரென்று எகிறியது. ஒரு வரைகோட்டில் மேடு. அவ்வளவுதான் 'படம்'. இன்றுவரை அந்தப் பொருளுக்கு அவர்கள் இருவர் பெயர்தான்.

அதற்கப்புறம் வந்த பெரிய வாசிப்பும் கோட்டில்தான் நடந்தது. ஒரு இளம் விண்மீன் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளிர்கிறது என்று வரைந்தால் ஒரு வளைவு கிடைக்கும். தூசு அதிகமிருந்தால் வளைவு நீள அலைப் பக்கம் மேலே ஏறும், தூசு கலையக் கலையச் சரிந்து கடைசியில் வெறும் விண்மீனின் வளைவாகும். இந்தச் சரிவை வைத்து சார்லஸ் லாடா 1980-களில் வகை 1, வகை 2, வகை 3 என்று பிரித்தார். போர்வைக்குள் இருப்பது, வட்டு மட்டும் மிஞ்சியது, அதுவும் போனது. பிறகு 1993-இல் பிலிப் ஆந்த்ரே, டெரெக் வார்ட்-தாம்சன், மேரி பார்சனி மூவரும் வகை 1-ஐவிட இளையது ஒன்றைக் கண்டார்கள், விண்மீனில் சேர்ந்ததைவிட வெளியே போர்வையில் மிச்சமிருக்கும் எடை கூடுதலானது. ஒன்றாம் எண்ணை ஏற்கெனவே கொடுத்தாயிற்று, என்ன செய்வது? வகை 0 என்று வைத்துவிட்டார்கள். பூஜ்யத்திலிருந்து தொடங்கும் அந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'ஆரம்பம் இதுதான்' என்று நினைத்த இடத்துக்கு முன்னால் ஒரு ஆரம்பம் இருந்ததன் தழும்பு அது.

ஒவ்வொரு வகையும் எத்தனை காலம் நீடிக்கும்? யாராலும் உட்கார்ந்து லட்சம் வருடம் பார்க்க முடியாது. எண்ணுகிறார்கள். ஒரு ஊரில் ஒரே நாளில் கணக்கெடுத்து, இத்தனை கைக்குழந்தை, இத்தனை பள்ளிப் பிள்ளை, இத்தனை பெரியவர் என்று தெரிந்தால், கைக்குழந்தைப் பருவம் வாழ்வில் எத்தனை பங்கு என்று மதிப்பிடலாம், இல்லையா? அதே கணக்குதான். வகை 2 சுமார் 20 லட்சம் ஆண்டு என்று வைத்துக்கொண்டால் வகை 1 ஐந்து லட்சத்துச் சொச்சம், வகை 0 ஒன்று, ஒன்றரை லட்சம். ஸ்பிட்சரின் அந்த 1,024 பேர் கணக்கிலிருந்து வந்தது இது. தூண் படத்தில் இல்லாத காலம் என்ற பரிமாணம் இந்தத் தலையெண்ணலில் இருக்கிறது.

எட்வர்ட் எமர்சன் பர்னார்டைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாவம் செய்ததாகிவிடும். அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, சிறுவயதிலேயே போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குப் போனவர். பிற்பாடு பால்வீதியை ஆயிரக்கணக்கான மணி நேரம் போட்டோ எடுத்தார். அதில் வந்த கரும்புள்ளிகள் விண்மீன்கள் இல்லாத வெற்றிடமா, முன்னால் நிற்கும் மேகமா என்று வருடக்கணக்காகத் தீர்மானிக்காமல் இருந்தார். 1913 கோடையில் நிலவில்லாத ஒரு தெளிந்த இரவு, தனுசுப் பக்கம் பால்வீதிக்கு முன்னால் நம் பூமியின் சின்னச் சின்ன மேகப் பொதிகள் மிதந்து போயின. பின்வெளிச்சத்தில் அவை வெள்ளையாகத் தெரியவில்லை, கறுத்த புள்ளிகளாகத் தெரிந்தன, அச்சு அசல் தன் போட்டோக்களில் இருப்பது போலவே. 1919-இல் 182 கரும்புள்ளிகளின் பட்டியலை வெளியிட்டார். பர்னார்ட் 68-இன் எண் அதிலிருந்து வந்ததுதான். அவர் தயாரித்த பால்வீதி அட்லஸுக்கு அச்சு வேண்டாம், அசல் போட்டோ பிரதியே வேண்டும் என்று 51 படங்கள், 700 பிரதிகள், ஆக 35,700 பிரதிகளையும் தானே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். புத்தகம் 1927-இல் வந்தது. அவர் 1923-லேயே இறந்துவிட்டார். கரும்புள்ளி கரும்புள்ளியாகவே வர வேண்டும் என்பதற்காக அத்தனை பாடு. வானியல் படங்களில் என் அளவுகோல் இந்த மனிதர்.

அந்த அளவுகோலில் வெப்பின் எந்தப் படம் தேறும்? இரண்டைச் சொல்வேன்.

முதலாவது, 2023 ஜூலை 12 அன்று, வெப்பின் முதலாம் ஆண்டு நிறைவுக்கு வந்த ரோ ஒபியூக்கி. விருச்சிகத்தின் சிவந்த கேட்டை நட்சத்திரம் நமக்குத் தெரியும். அதற்குப் பக்கத்தில், சற்று வடக்கே, 390 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் இருள் மேகம். விண்மீன்கள் உருவாகும் இடங்களில் நமக்கு மிக அருகில் இருப்பது. வில்லியம் ஹெர்ஷல் 1785-இல் இந்தப் பகுதியைப் பற்றி எழுதினார். இங்கே விண்மீன்களே இல்லை, இது வானத்தில் ஒரு ஓட்டை, பக்கத்திலிருக்கும் நெருக்கமான விண்மீன் கொத்து இங்கிருந்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டு போய்விட்டதோ என்று ஊகித்தார். அதே ஹெர்ஷல்தான் 15 வருடம் கழித்து, 1800-இல், முப்பட்டகத்தில் பிரிந்த சூரிய ஒளியில் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து அகச்சிவப்பைக் கண்டுபிடித்தவர். பூட்டும் சாவியும் ஒரே ஆளின் கையில் இருந்தன. அந்தச் சாவியால் அந்தப் பூட்டைத் திறக்க 1973 வரை ஆயிற்று. கேரி கிராஸ்டலன், கேரன் ஸ்ட்ராம், ஸ்டீபன் ஸ்ட்ராம் மூவரும் அந்த 'ஓட்டை'க்குள் அகச்சிவப்பில் ஒளிரும் ஒரு விண்மீன் கூட்டத்தையே கண்டார்கள். வெப் படத்தில் சுமார் 50 இளம் விண்மீன்கள் இருக்கின்றன, ஒன்றைத் தவிர எல்லாமே நம் சூரியன் அளவோ அதைவிடச் சிறியதோ. பெரியதான அந்த ஒன்று, எஸ் 1, தன்னைச் சுற்றி ஒளிரும் குகை ஒன்றைக் குடைந்து வைத்திருக்கிறது. சிவப்புத் தாரைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்கின்றன. இந்தப் படத்தில் தூண் இல்லை, மலை இல்லை. தலைகீழாகத் திருப்பினாலும் ஒன்றும் குறையாது. கண் எங்கே போவது என்று தெரியாமல் அலைகிறது. எனக்கு அது நேர்மையாகப் படுகிறது. அடர்த்தி அதிகமுள்ள இடங்கள் வெப்புக்கும் கறுப்பாகத்தான் இருக்கின்றன, அந்தக் கறுப்பை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, 2022 நவம்பரில் வந்த எல் 1527. ரிஷபத்தில் இருக்கும் மேகம். ஒரு லட்சம் வருட வயதுள்ள வகை 0. படம் உடுக்கை மாதிரி இருக்கும். மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கவிழ்ந்த கிண்ணம், நடுவில் இடுப்பு. தூசு மெலிந்த இடத்தில் நீலம், தடித்த இடத்தில் ஆரஞ்சு. நிறமே தூசின் கனத்தைச் சொல்கிறது, அலங்காரத்துக்கு ஒரு சொட்டுக்கூட இல்லை. அந்த விண்மீன் தன்னைச் சுற்றியிருப்பதைக் குடித்து வளர்ந்து, இதுவரை சூரியனின் எடையில் 20-இலிருந்து 40 சதவீதம்தான் சேர்த்திருக்கிறது. மேலும் கீழும் அது பீய்ச்சியது குடைந்த பொந்துகளின் வழியே கசிகிற வெளிச்சம்தான் நாம் பார்க்கும் உடுக்கை. விண்மீன் எங்கே என்று தேடினால், தெரியாது. 6.5 மீட்டர் ஆடி, 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கும் தொலைநோக்கி, எல்லாம் இருந்தும் வெப்பால் அதை நேராகப் பார்க்க முடியவில்லை, இடுப்புக்குள் ஒளிந்திருக்கிறது. ஜூம் செய்து பாருங்கள். இடுப்புக்குக் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று போகும், முதலில் படத்தில் ஏதோ கீறல் என்றுதான் தோன்றும். விண்மீனைச் சுற்றும் வட்டு அது, பக்கவாட்டில் தெரிகிறது. நம் சூரியக் குடும்பத்தின் அளவு.